தாமிரபரணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிப் பக்கம் புதிதாக வருகிறவர்களும், ஊரை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆனவர்களும் ஆற்றைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

தாமிரபரணி எங்கே பிறந்து எங்கே கடலில் சேர்கிறது?

மேற்குத் தொடர்ச்சி மலையில், 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலையை ஒட்டிய பொதிகைக் காட்டில் பிறக்கிறது. அதே மலையின் மறுபக்கச் சரிவில் கேரளத்து நெய்யாறு பிறக்கிறது. நம் பக்கம் இறங்கும் தண்ணீர் பாபநாசத்தில் தரையைத் தொட்டு, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, திருநெல்வேலி, முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல், ஆத்தூர் வழியாகப் போய்ப் புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது.

மொத்த நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர்தான். காவிரி 800. இவ்வளவு குட்டி ஆறு இத்தனை ஊருக்குச் சோறு போடுகிறதா என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவது நியாயம்தான். 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகும் வரை ஆறு முழுக்க ஒரே மாவட்டத்துக்குள் ஓடியது. இன்றைக்கும் மலை முதல் கடல் வரை தமிழ்நாட்டை விட்டு வெளியே போவதில்லை. அதனால் தண்ணீர் வரவில்லை என்று பக்கத்து மாநிலத்தைத் திட்டும் வசதி நமக்குக் கிடையாது. நல்லதும் கெட்டதும் நம் கையால்தான் நடக்கிறது.

'வற்றாத ஜீவநதி' என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. பெரும்பாலான தமிழக ஆறுகளுக்கு ஒரு பருவமழைதான் முக்கியம். தாமிரபரணிக்கு இரண்டும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மலையை நனைக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மலையிலும் கீழேயும் சேர்ந்து பெய்கிறது. நடுவில் மழையில்லாத நாட்களில், மேலே உள்ள சோலைக்காடும் புல்வெளியும் பிடித்து வைத்த தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வருகிறது. அந்தக் காடு இன்று களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. புலிக்குக் கொடுத்த பாதுகாப்பில் ஆறும் பிழைத்துக்கொண்டது என்றுதான் சொல்லவேண்டும்.

மீதிப் பாதி? கோடையில் அம்பாசமுத்திரத்தில் நின்று பார்த்தால் தண்ணீர் ஓடும். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டிப் போய்ப் பாருங்கள், பல வருஷங்களில் மணல்தான் தெரியும். கடைசி அணைக்கட்டுக்குக் கீழே உள்ளவர்களிடம் 'வற்றாத' என்று சொன்னால் சிரிப்பார்கள்.

துணை ஆறுகள் எவை?

மலைக்குள்ளேயே சேர்வலாறு சேர்ந்துவிடுகிறது. அப்புறம் மணிமுத்தாறு. ராமநதியையும் ஜம்பு நதியையும் கூட்டிக்கொண்டு வரும் கடனா நதி திருப்புடைமருதூரில் கலக்கிறது. களக்காட்டுப் பக்கமிருந்து பச்சையாறு வருகிறது. குற்றாலத்து அருவிகளின் தண்ணீரைக் கொண்டுவரும் சிற்றாறு சீவலப்பேரி அருகே சேர்கிறது. உழவர் வாழ்க்கையைப் பாடும் பழைய நூலான முக்கூடற்பள்ளில் வரும் முக்கூடல் இந்த இடம்தான்.

பேப்பரில் தினமும் போடும் அணை நீர்மட்டம் எதைக் குறிக்கிறது?

பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. திருநெல்வேலியில் பெரியவர்கள் தங்கம் விலைக்கு முன்னால் பார்ப்பது இந்த மூன்று எண்களைத்தான். ஜூன் பிறந்ததும் பாபநாசம் மட்டம் எவ்வளவு என்பதை வைத்துத்தான் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பார்களா, மாட்டார்களா என்ற பேச்சு தொடங்கும். கார் பருவம் தென்மேற்கு மழையை நம்பியது. அதற்கடுத்த பிசானம் வடகிழக்கு மழையை நம்பியது. பிசானம் தவறினால் அந்த வருஷக் கணக்கே தவறும்.

எட்டு அணைக்கட்டுகள் என்கிறார்களே, அவையும் அணைகளும் ஒன்றா?

இல்லை, இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அணை தண்ணீரைத் தேக்கி வைக்கும். அணைக்கட்டு தேக்காது, திருப்பிவிடும். ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாகக் கல்லால் கட்டிய சுவர் அது. தண்ணீர் மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்திக் கரையோரக் கால்வாய்க்குள் தள்ளிவிட்டு, மிச்சத்தைத் தன் தலைக்கு மேலாகப் போகவிடும். வெள்ளம் வந்தால் எதிர்த்து நிற்காது. அதனால்தான் இத்தனை நூற்றாண்டு நிற்கிறது.

மேலிருந்து கீழாக: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் மட்டும் ஆங்கிலேயர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தையவை. பழவூரிலிருந்து பாளையங்கால்வாய், சுத்தமல்லியிலிருந்து நெல்லைக் கால்வாய், அரியநாயகிபுரத்திலிருந்து கோடகன் கால்வாய், மருதூரிலிருந்து மேலக்கால், கீழக்கால், ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வடகால், தென்கால் பிரிகின்றன. இந்தக் கால்வாய்கள் நேராக வயலுக்கும் பாயும், வழியில் உள்ள குளங்களையும் நிரப்பும். ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த குளத்துக்குத் தண்ணீர். இப்படி ஏறத்தாழ 86,000 ஏக்கர் பாசனம் நடக்கிறது.

கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை உண்டு. எங்கிருந்தோ வந்த கன்னட பிரம்மச்சாரி ஒருவர், தனக்குக் கிடைத்த பொன்னை எப்படிச் செலவழிப்பது என்று அகத்தியரைக் கேட்டாராம். ஒரு பசுவின் வாலைப் பிடித்துக்கொண்டு போ, அது நடந்த வழியில் கால்வாய் வெட்டு, படுத்த இடத்தில் குளம் வெட்டு என்றாராம் முனிவர். கதையை நம்பலாம், நம்பாமலும் போகலாம். கால்வாய் போகும் வளைவு நெளிவைப் பார்த்தால் மட்டம் தெரிந்த யாரோ நிதானமாக நடந்து பார்த்து வெட்டியது என்பது மட்டும் தெளிவு. மாட்டுக்குத் தெரியாத மேடு பள்ளமா?

இந்த ஏற்பாட்டின் பலவீனம் கடைமடை, அதாவது கால்வாயின் கடைசிப் பகுதி. தலைமடைக்காரர் இரண்டு போகம் நெல்லோடு வாழையும் போடும்போது, சடையநேரிப் பக்கத்துக் குளங்கள் தண்ணீருக்குக் காத்துக் கிடக்கும். தாமிரபரணித் தண்ணீர்ச் சண்டை என்பது ஊருக்குள்ளேயே, மேலூருக்கும் கீழூருக்கும் நடப்பது.

பொருநை என்பதும் இதே ஆறுதானா? கன்னியாகுமரியிலும் ஒரு தாமிரபரணி இருக்கிறதே?

ஆமாம், பொருநை இதுதான். நம்மாழ்வார் பாசுரத்தில் 'பொருநல்' என்று வரும். பழைய பாடல்களில் வரும் ஆன்பொருநை வேறு, அது கரூர்ப் பக்கத்து அமராவதி. கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறை வழியாக ஓடித் தேங்காய்ப்பட்டணத்தில் அரபிக்கடலில் சேரும் ஆற்றுக்கும் தாமிரபரணி என்று பெயர் உண்டு. இரண்டுக்கும் தொடர்பு இல்லை.

நவகைலாயம், நவதிருப்பதி: இரண்டும் ஏன் இந்த ஆற்றங்கரையில்?

நவகைலாயம் சிவன் கோயில்கள்: பாபநாசம், சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, சேர்ந்தபூமங்கலம். அகத்தியரின் சீடர் உரோமச முனிவர் ஒன்பது தாமரைப் பூக்களை ஆற்றில் விட்டார், ஒவ்வொன்றும் கரை ஒதுங்கிய இடத்தில் ஒரு கோயில் என்பது தலபுராணம். பாபநாசத்திலிருந்து கடலுக்குச் சற்று முன்னால் வரை, ஆற்றின் முழு நீளத்துக்கும் கோயில்கள் வரிசையாக இருப்பதால் கதை பொருத்தமாகவே இருக்கிறது.

நவதிருப்பதி ஒன்பதும் பெருமாள் கோயில்கள். அவை அவ்வளவு தூரம் பரவவில்லை. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வட்டாரத்துக்குள் நெருக்கமாக, வாய்க்காலும் வாழைத்தோட்டமுமாக உள்ள ஊர்களில் இருக்கின்றன. ஒரே நாளில் பார்த்துவிடலாம். நம்மாழ்வார் அவதரித்ததாகச் சொல்லப்படும் ஆழ்வார்திருநகரியில் அவர் அமர்ந்திருந்த புளியமரத்தையும் காட்டுவார்கள்.

இப்போது ஒன்பது கிரகத்துக்கு ஒன்பது கோயில் என்று கணக்குப் போட்டு வேனில் வருகிறவர்கள்தான் அதிகம். ஒரு கோயிலுக்குப் பத்து நிமிஷம், அடுத்ததற்கு ஓட்டம். ஆற்றில் இறங்காமலே திரும்பிவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

குறுக்குத்துறை முருகன் கோயில் ஒவ்வொரு வெள்ளத்திலும் மூழ்கும் என்பது உண்மையா?

உண்மை. திருநெல்வேலி டவுனை ஒட்டி, ஆற்றுக்கு உள்ளேயே கட்டிய கற்கோயில் அது. வெள்ளம் வரப்போகிறது என்று தெரிந்தால் உற்சவரையும் பூஜைச் சாமான்களையும் கரையில் உள்ள மேலக்கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். மூலவர் அங்கேயே இருப்பார். தண்ணீர் கருவறைக்குள் புகுந்து, கோபுரத்தின் மேல்பகுதி மட்டும் தெரிகிற அளவுக்கு ஏறும். ஆறு இறங்கியதும் சேற்றைக் கழுவிவிட்டுத் திரும்பப் பூஜை.

நீர் மோதும் மேற்குப் பக்கம் கவனித்துப் பாருங்கள். சுவர் தட்டையாக இல்லாமல், படகின் முன்முனை போலக் கூராகக் கட்டப்பட்டிருக்கும். வரும் வெள்ளம் இரண்டாகப் பிரிந்து பக்கவாட்டில் போய்விடும். ஆற்றைத் தடுக்க வேண்டாம், வழிவிட்டால் போதும் என்று கட்டியவருக்குத் தெரிந்திருக்கிறது. பின்னால் வந்தவர்கள் ஆற்றோரத்தில் கட்டிய கட்டடங்களைப் பார்க்கும்போது அந்தப் படிப்பு நடுவில் எங்கோ நின்றுபோனது தெரிகிறது.

ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை: ஆற்றோடு இவற்றுக்கு என்ன உறவு?

மூன்றும் கீழ்த் தாமிரபரணிப் படுகையில், ஒன்றுக்கொன்று அதிகத் தொலைவில்லாமல் இருப்பவை.

ஆதிச்சநல்லூர் ஆற்றின் தென்கரையில் உள்ள பெரிய ஈமக்காடு. விளைநிலத்தை விட்டுவிட்டு, பயிருக்கு உதவாத பரம்பு மேட்டில் தாழிகளைப் புதைத்திருக்கிறார்கள். 1876இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் ரீ எடுத்த பொன் நெற்றிப்பட்டங்கள், வெண்கலப் பொருட்கள், இரும்புக் கருவிகளைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 2004இல் இந்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியது.

சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்மணியின் காலம் கி.மு. 1155 என்று பகுப்பாய்வில் தெரிந்ததை 2021 செப்டம்பரில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பொருநை நாகரிகம் என்ற பேச்சு பரவலானது அப்போதுதான். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கை, சிவகளை இரும்பின் காலத்தைக் கி.மு. 4ஆம் ஆயிரத்தாண்டுக்கே கொண்டு போகிறது. இதை ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். விவாதம் நடக்கட்டும். தாழியில் நெல் வைத்துப் புதைத்தவர்கள் ஆற்று நீரில் விளைவித்தவர்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

கொற்கை கதை ஆறே எழுதியது. பாண்டியரின் முத்துத் துறைமுகம் அது, கிரேக்க வணிகக் குறிப்பு ஒன்றும் 'கொல்கை' என்று அதைப் பதிந்திருக்கிறது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் விலகிப்போக, துறைமுகமும் கிழக்கே நகர்ந்தது. அடுத்துக் காயல். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அதைப் பெரிய பட்டினம் என்று எழுதினார். அதுவும் தூர்ந்து இன்று பழையகாயல் ஆகிவிட்டது. பிறகு போர்த்துகீசியர் காலத்தில் முகத்துவாரத்துப் புன்னைக்காயல். இன்று கொற்கையில் போய் நின்றால் வாழையும் வயலும்தான் தெரியும், கடல் பல கிலோமீட்டர் தள்ளி. சங்குத் துண்டுகள் மட்டும் இன்றும் தோண்டத் தோண்டக் கிடைக்கின்றன.

திருநெல்வேலி சுலோசன முதலியார் பாலம் யார் கட்டியது?

19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே பாலம் கிடையாது, படகுதான். பாலம் கட்டப் பணம் திரட்ட வேண்டும் என்று பேச்சு வந்தபோது, கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக (தலைமை அலுவலராக) இருந்த சுலோசன முதலியார் சொந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டார். 1843இல் பாலம் திறக்கப்பட்டது. வளைவு வளைவாகக் கட்டிய அந்தப் பாலம் பின்னாளில் அகலப்படுத்தப்பட்டு இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. ஒரு அரசு ஊழியர் கையிலிருந்து போட்டுக் கட்டிய பாலம் என்பதை இன்றைக்குச் சொன்னால் நம்புவது கஷ்டம்தான்.

அல்வா ருசிக்குக் காரணம் தாமிரபரணித் தண்ணீரா?

ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். என் கட்சி வேறு. சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுப்பதும், கை ஓயாமல் கிண்டுவதும், நெய்யில் கஞ்சத்தனம் பண்ணாததும்தான் பெரிய காரணம். தண்ணீருக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட்டு இந்த ஊரில் நான் இருக்க முடியாது, அதனால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆற்றின் பங்கு சந்தேகமில்லாமல் தெரிவது பத்தமடைப் பாயில். ஆற்றோரமும் வாய்க்காலோரமும் வளரும் கோரையைக் கீறி, உள்ளே சோறு எனப்படும் மென்மையான நடுப்பகுதியை வழித்தெடுத்து, ஓடும் தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டுக் காயவைத்து, மறுபடி நூல் மாதிரி கிழித்து நெய்கிறார்கள். நல்ல பாய் பட்டுத்துணியைப் போல மடங்கும். தேங்கிய தண்ணீரில் போட்டால் கோரை கறுத்துவிடும். ஆத்தூர் வெற்றிலையும் இந்த ஆற்றுப் பாசனத்தில் வருவதுதான், புவிசார் குறியீடு பெற்றது.

2023 டிசம்பர் வெள்ளம் ஏன் அவ்வளவு மோசமாக இருந்தது?

வழக்கமாக மலையில் கனமழை பெய்து, அணை நிறைந்து, ஆறு பெருகும். அதைக் கணித்து மக்களை நகர்த்த நேரம் கிடைக்கும். டிசம்பர் 17, 18இல் மழை கீழ்ப்பகுதியிலேயே கொட்டித் தீர்த்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர். குளங்கள் உடைந்து ஊர்களுக்குள் பாய்ந்தன, அதே நேரம் ஆறும் கரை மீறியது. குளத்துத் தண்ணீர் வடிய ஆற்றுக்குப் போக வேண்டும், ஆற்றிலோ இடமில்லை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு மாட்டிக்கொண்டது. ஏரல், ஆத்தூர்ப் பக்கம் பல நாள் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது.

ஜூலை 23இல் ஏன் ஆற்றில் மலர் தூவுகிறார்கள்?

1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் அலுவலகம் நோக்கிப் பேரணி போனது. கொக்கிரகுளத்தில் ஆற்றோரம் போலீஸ் தடியடி நடத்தியது. தப்பிக்க ஆற்றில் இறங்கியவர்கள் உட்பட 17 பேர் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் ஒரு கைக்குழந்தையும் உண்டு. வருஷா வருஷம் அதே இடத்தில் அஞ்சலி செலுத்துகிறார்கள். ஆற்றின் பெருமை பேசும்போது பலரும் இதை விட்டுவிடுவார்கள், அது சரியில்லை.

ஆறு உண்மையிலேயே அவ்வளவு அசுத்தமாகிவிட்டதா?

பாபநாசத்துக்கு மேலே தெளிவு. அதற்குக் கீழே, ஊருக்கு ஊர் மோசம். முதல் பிரச்சினை சாக்கடை. கரையோர ஊர்களின் கழிவுநீர் நேராக ஆற்றில் விழுகிறது. திருநெல்வேலி மாநகரத்தின் பங்கு இதில் பெரியது. கழிவு சேரும் இடங்களில் அமலைச்செடி தளதளவென்று வளர்ந்து தண்ணீரை மூடிவிடும்.

இரண்டாவது, பரிகாரத் துணி. பாபநாசத்தில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு, உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவந்தால் பாவம் போகும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஆடி அமாவாசை முடிந்த மறுநாள் படித்துறையில் இறங்கினால் காலைச் சுற்றுவது சேலையும் வேட்டியும்தான். தன்னார்வலர்கள் டன் கணக்கில் அள்ளுகிறார்கள், அடுத்த அமாவாசைக்கு மறுபடி அதே கதை. 2018 அக்டோபரில் குரு விருச்சிகத்துக்குப் போனபோது நடந்த மகா புஷ்கரத்தில் லட்சக்கணக்கானவர்கள் குளித்தார்கள். பக்தியைக் குறை சொல்லவில்லை. கும்பிடும் ஆற்றில் குப்பை போடாதே என்று எந்த சாஸ்திரத்திலும் தனியாக எழுதியிருக்கத் தேவையில்லை, அவ்வளவுதான்.

மணல் கொள்ளை ஒரு காலத்தில் இதைவிடப் பெரிய தலைவலியாக இருந்தது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் தடைக்குப் பிறகு குறைந்தது.

கருமேனியாறு, நம்பியாறு இணைப்புத் திட்டம் என்ன ஆனது?

கன்னடியன் கால்வாயிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் வெள்ளநீர்க் கால்வாய் வெட்டித் தாமிரபரணியை இந்த இரண்டு ஆறுகளோடு இணைத்து, கடலுக்குப் போகும் உபரி நீரை நாங்குநேரி, திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்து வறண்ட செம்மண் தேரிக்குக் கொண்டுபோவது திட்டம். 2009இல் தொடங்கியது. நிலம் எடுப்பு, நிதி என்று இழுத்து இழுத்து, 2023 டிசம்பரில்தான் சோதனை ஓட்டமாகத் தண்ணீர் விட்டார்கள். வெள்ளக் காலத்தில் மட்டும் எடுப்போம் என்ற பேச்சைக் காப்பாற்றினால் நல்ல திட்டம்.

ஆற்றைப் பார்க்க எப்போது, எங்கே வரலாம்?

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்லது. வெயில் தணிந்திருக்கும், பிசான நெல் பச்சையாக நிற்கும். பாபநாசம் கோயில் படித்துறை, திருப்புடைமருதூர், சேரன்மகாதேவி, முறப்பநாடு நான்கும் போதும். முறப்பநாட்டில் ஆறு கொஞ்ச தூரம் வடக்கு நோக்கி ஓடும், அங்கே குளிப்பதைப் புண்ணியமாகச் சொல்வார்கள். பாபநாசத்துக்கு மேலே போக வனத்துறைச் சோதனைச்சாவடி உண்டு. நேரக் கட்டுப்பாடு அடிக்கடி மாறும், அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

குளிக்கும்போது படித்துறை உள்ள இடத்தில் மட்டும் இறங்குங்கள். அணைக்கட்டுக்கு அடியில் தண்ணீர் அமைதியாகத் தெரியும், உள்ளே சுழல் இருக்கும். மலையில் மழை பெய்தாலோ அணையைத் திறந்தாலோ, இங்கே வெயிலடிக்கும்போதே மட்டம் ஏறும். கரையில் துணி துவைக்கிறவர்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு மேலே ஏறுவதைப் பார்த்தால், காரணம் கேட்காமல் நீங்களும் ஏறிவிடுங்கள்.